அந்த ‘ஐ7’ எந்தத் தலைமுறை? ஏற்காட்டுக்குப் போகும் கேமிங் கம்ப்யூட்டர்

கேள்வி: நாங்கள் ஏற்காட்டில் இருக்கிறோம். மகன் சேலத்தில் இன்ஜினீயரிங் முதலாண்டு படிக்கிறான். படிப்புக்கும் கேம் விளையாடவும் சேர்த்து ஒரு கம்ப்யூட்டர் அசெம்பிள் பண்ணித் தரச் சொல்கிறான். மானிட்டர் வீட்டில் இருக்கிறது. 60,000 ரூபாய் ஒதுக்கியிருக்கிறேன். அவனுடைய நண்பனின் அண்ணன் பெங்களூரு எஸ்.பி. ரோடு கம்ப்யூட்டர் சந்தையில் பொருள் எடுத்து செட் பண்ணித் தருபவர். ‘ஐ7, 16 ஜிபி ராம், 4 ஜிபி கிராபிக்ஸ், 1 டிபி ஹார்ட் டிஸ்க், லைட் எரியும் கேபினெட், எல்லாம் சேர்த்து 42,000’ என்கிறார். மிச்சப் பணத்தில் கேமிங் நாற்காலி வாங்கலாம் என்கிறான் மகன். எங்கள் ஊரில் கரண்டும் அடிக்கடி போகும். இதை வாங்கலாமா?

பதில்: வாங்காதீர்கள் ஐயா. அந்தத் தம்பி நல்லவராகவே இருக்கலாம். ஆனால் அவர் தந்திருக்கும் பட்டியலில் ஒரு பொருளுக்குக்கூட முழுப் பெயர் இல்லை. இந்தத் தொழிலில் முழுப் பெயர் விடுபடுவது பெரும்பாலும் மறதியால் நடப்பதில்லை.

முதலில் ஐ7. இன்டெல் கம்பெனி 2008-லிருந்து இதே பெயரில் பிராசசர் விற்கிறது. பின்னால் வரும் எண்தான் அதன் வயதைச் சொல்லும். ஐ7-2600 என்றால் இரண்டாம் தலைமுறை, 2011-ல் வந்தது. ஐ7-3770 மூன்றாம் தலைமுறை, 2012. ஐ7-4770 நான்காம் தலைமுறை, 2013. பெரிய ஆபீஸ்களில் கழித்துவிட்ட கம்ப்யூட்டர்களிலிருந்து இவற்றைக் கழற்றி, எச்61, எச்81 என்ற பெயர்களில் இன்னமும் வரும் மலிவு மதர்போர்டுகளில் மாட்டி ‘ஐ7 கேமிங் பிசி’ என்று விற்கிறார்கள். போர்டு புதுசு, கேபினெட் புதுசு, லைட் புதுசு. ஓடுகிற பிராசசர் மட்டும் உங்கள் மகன் பாலர் பள்ளி போன காலத்தது. 2022-ல் வந்த ஐ3-12100எஃப் என்ற சாதாரண ஐ3 இந்த மூன்றையும் முந்திவிடும்.

பிரச்சினை வேகத்தோடு முடிவதும் இல்லை. விண்டோஸ் 10-க்கான வழக்கமான இலவசப் பாதுகாப்பு அப்டேட்டுகள் 2025 அக்டோபர் 14-உடன் நின்றன. விண்டோஸ் 11 முறைப்படி ஏற வேண்டுமானால் இன்டெல்லில் எட்டாம் தலைமுறையாவது வேண்டும். குறுக்கு வழியில் ஏற்றித் தருகிறேன் என்பார்கள், ஏறவும் செய்யும். ஆனால் வேலரண்ட் போன்ற கேம், விண்டோஸ் 11-ல் டிபிஎம் 2.0, செக்யூர் பூட் என்ற இரண்டு பாதுகாப்பு வசதிகளும் இல்லாவிட்டால் திறக்கவே திறக்காது. அந்தப் பழைய போர்டுகளில் டிபிஎம் 2.0 இருக்காது. பணத்தைக் கொட்டிய பிறகு பையன் எந்த கேமுக்காக ஆசைப்பட்டானோ அதுவே ஓடாமல் போகும்.

அடுத்தது ‘4 ஜிபி கிராபிக்ஸ்’. சேலத்துக்காரருக்கு இதை விளக்குவது சுலபம். கொலுசை எடை மட்டும் பார்த்து யாரும் வாங்குவதில்லை, டச் (வெள்ளியின் சுத்தம்) எவ்வளவு என்று கேட்கிறோம். கிராபிக்ஸ் கார்டில் ஜிபி என்பது எடை மாதிரி. ஜிடி 730 என்று 2014-ல் வந்த ஒரு கார்டு 4 ஜிபியோடும் கிடைக்கிறது. மானிட்டரில் படம் காட்ட உதவுமே தவிர, இன்றைய கேமுக்கு உதவாது. இன்னொன்று ஆர்எக்ஸ் 580. பெயருக்குப் பக்கத்தில் ‘2048 எஸ்பி’ என்று சின்னதாக இருந்தால் அது குறைத்துச் செய்த வகை. அசல் ஆர்எக்ஸ் 580-ல் 2304 கோர்கள் உண்டு. இந்தக் கார்டுகளில் ஏராளமானவை இரவு பகலாக கிரிப்டோ மைனிங்கில் ஓடியவை. 2022 செப்டம்பரில் எத்தீரியம் நாணயம் மைனிங் முறையையே கைவிட்டதும் அவை மொத்தமாகச் சந்தைக்கு வந்தன. தூசி தட்டி, ஃபேன் மாற்றி, புதுப் பெட்டியில் போட்டால் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. இதைவிட மோசம், பழைய கார்டின் பயாஸை, அதாவது உள்ளே பதிந்திருக்கும் அடிப்படை மென்பொருளை, மாற்றி எழுதி ஜிடிஎக்ஸ் 1050 டிஐ என்று காட்டவைப்பது. ஜிபியு-இசட் என்ற இலவச மென்பொருள் இந்தப் போலிகளில் பலவற்றைப் பிடித்துவிடும். பணம் கொடுக்கும் முன் அதைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். தயங்கினால் எழுந்து வந்துவிடுங்கள்.

ஹார்ட் டிஸ்க் பற்றி ஒரே வரி: இன்றைக்கு விண்டோஸையும் கேமையும் ஹார்ட் டிஸ்க்கில் வைக்கக் கூடாது, அதைவிட மிக வேகமான என்விஎம்இ எஸ்எஸ்டி 500 ஜிபி போதும்.

சரி, 60,000-க்கு என்ன வாங்குவது? மானிட்டர் கையில் இருப்பதால் முடியும், இறுக்கமாக. ஏஎம்டி ரைசன் 5 5600 அல்லது இன்டெல் ஐ5-12400எஃப், இரண்டில் எது விலை குறைவோ அது. இரண்டும் 2022-ல் வந்தவை, ஆறு கோர். ‘ரைசன் 5 5500-ம் அதேதான் சார்’ என்று சொல்வார்கள். இல்லை, அதில் எல்3 கேச் என்ற, பிராசசருக்குள்ளேயே இருக்கும் அதிவேக நினைவகம் பாதிதான். போர்டு, ஏஎம்டி என்றால் பி550, இன்டெல் என்றால் பி660 அல்லது எச்610. கிராபிக்ஸ் கார்டுக்கு மொத்தப் பணத்தில் மூன்றில் ஒரு பங்காவது போகட்டும். நாற்காலி, லைட், கண்ணாடி கேபினெட் எல்லாம் அந்த மூன்றில் ஒரு பங்கைத்தான் தின்கின்றன. நாற்காலியை அடுத்த வருஷம் வாங்கட்டும்.

கார்டில் என் தேர்வு ஆர்எக்ஸ் 6600, 8 ஜிபி. 132 வாட்தான் இழுக்கும். 1080பி மானிட்டருக்கு நிறைவானது. என்விடியாதான் வேண்டும் என்று பையன் பிடிவாதம் பிடித்தால் ஆர்டிஎக்ஸ் 3050-ல் 8 ஜிபி மட்டும். 2024-ல் அதே பெயரில் 6 ஜிபி கார்டு ஒன்றை விட்டார்கள். நினைவகம் மட்டுமா குறைந்தது? கோர் 2560-லிருந்து 2304 ஆனது, நினைவகப் பாதை 128 பிட்டிலிருந்து 96 பிட் ஆனது. பெயர் மட்டும் அப்படியே. பெரிய கம்பெனியே இப்படிச் செய்யும்போது, தெருமுனைக் கடைக்காரரை மட்டும் எப்படித் திட்டுவது? வாங்குகிறவர் தலையிலேயே எல்லாப் பாரத்தையும் ஏற்றிவைத்திருக்கிறார்கள். எனக்கு ஆறாத கோபம் இது.

ராம், 8 ஜிபி இரண்டு. ஒரே 16 ஜிபி கம்பி வேண்டாம். இரண்டாகப் போட்டால்தான் இரட்டைப் பாதை கிடைக்கும். போட்ட பிறகு பயாஸில் எக்ஸ்எம்பியை ஆன் பண்ணச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் 3200 ராம் பெரும்பாலும் குறைந்த வேகத்திலேயே ஓடிக்கொண்டிருக்கும். உலகத்துக்கு ராம் சில்லு செய்பவை பெரும்பாலும் சாம்சங், எஸ்கே ஹைனிக்ஸ், மைக்ரான் என்ற மூன்றே கம்பெனிகள். அவை ஏஐ சர்வர்கள் பக்கம் திரும்பிவிட்டதால் 2025 கடைசியில் விலை எகிறியது. நேற்று சொன்ன விலை இன்று இல்லை என்று கடைக்காரர் சொன்னால் அது மட்டும் பொய்யாக இருக்க வேண்டியதில்லை.

ராம் விலை ஏற்றத்தால் 60,000 போதாமல் போனால் ஒரு மாற்று வழி உண்டு. இதைப் பலரும் தப்பாகச் செய்வதால் கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன். கிராபிக்ஸ் கார்டே இல்லாமல் தொடங்கலாம். ரைசன் 5 5600ஜி என்று ‘ஜி’ எழுத்தோடு வரும் பிராசசருக்குள்ளேயே ஓரளவு கிராபிக்ஸ் இருக்கிறது. வேலரண்ட், ஜிடிஏ 5 போன்றவை குறைந்த செட்டிங்கில் ஓடும். ஆனால் அது தனி நினைவகம் இல்லாமல் ராமையே கடன் வாங்கி ஓடுவது. அதனால் இங்கே இரண்டு ராம் கம்பி கட்டாயம். ஒன்றைப் போட்டால் கேம் திக்கித் திணறும். எழுத்தையும் கவனியுங்கள். வெறும் 5600 வாங்கிவிட்டு கார்டை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்றால் படமே வராது. இன்டெல்லில் ‘எஃப்’ எழுத்து இருந்தாலும் அப்படித்தான். ஆறு மாதம் கழித்து கார்டு வாங்கும்போதுதான் அடுத்த பள்ளம். பிராசசரையும் கார்டையும் இணைப்பது பிசிஐஇ என்ற பாதை. 5600ஜி அதில் பழைய 3.0 வகையில் ஓடுவது. ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டி, ஆர்எக்ஸ் 6400 என்ற மலிவு கார்டுகள் நான்கே பாதையில் ஓடுபவை. இரண்டும் சேர்ந்தால் கார்டின் பலத்தில் ஒரு பகுதி வழியிலேயே போய்விடும். எட்டுப் பாதை உள்ள ஆர்எக்ஸ் 6600 என்றால் அந்த அளவு நஷ்டம் இல்லை. எனவே ஜி பிராசசர் வாங்குகிறவர், பின்னால் 6600 தரத்துக்குக் கீழே கார்டு வாங்குவதில்லை என்று முடிவெடுத்துவிட்டு வாங்க வேண்டும்.

இனி, யாரும் கேட்காத பொருள்: எஸ்எம்பிஎஸ், அதாவது கம்ப்யூட்டருக்குள் இருக்கும் பவர் சப்ளை. உங்கள் கேள்வியிலும் அது இல்லை, அந்தத் தம்பியின் பட்டியலிலும் இல்லை. கேபினெட்டோடு ‘ஃப்ரீ’யாக வந்துவிடும். என்னைப் பொறுத்தவரை பட்டியலில் முதலில் எழுத வேண்டியது அதுதான். மற்ற எல்லாப் பொருளுக்கும் சோறு போடுவது அது. வெடித்தால் போர்டையும் கார்டையும் சேர்த்துக்கொண்டு போவதும் அது. மலிவு எஸ்எம்பிஎஸ் மேல் 450 வாட் என்று கொட்டை எழுத்தில் இருக்கும். கீழே உள்ள கட்டத்தில் 12 வோல்ட்டுக்கு நேரே எத்தனை ஆம்பியர் என்று பாருங்கள். 16 என்றிருந்தால் 12-ஆல் பெருக்குங்கள்: 192 வாட்தான். பிராசசரும் கார்டும் இழுப்பது இந்த 12 வோல்ட்டில்தான். நல்ல 450 வாட் எஸ்எம்பிஎஸ்ஸில் அது 35 ஆம்பியரை ஒட்டி இருக்கும். நான் சொன்ன செட் கேம் ஓடும்போது சுமார் 250 வாட் இழுக்கும். 80 பிளஸ் பிரான்ஸ் என்ற மின்திறன் சான்று, 450 முதல் 550 வாட், ஐந்து வருஷ வாரண்டி உள்ளது போதும். 750 வாட் வேண்டும் என்று பயமுறுத்தினால் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள்.

ஏற்காட்டுக்காரர் இன்னொரு வரியையும் படிக்க வேண்டும்: இன்புட் வோல்ட்டேஜ். சிலவற்றில் 200–240 என்றிருக்கும், சிலவற்றில் 100–240. உங்கள் ஊரில் வோல்ட்டேஜ் இறங்கும், ஆகவே 100–240 மட்டும் வாங்குங்கள். தனி ஸ்டெபிலைசர் தேவைப்படாது. யூபிஎஸ், சாதாரண 600 விஏ போதும். அது பொதுவாக 360 வாட் தாங்கும். கரண்ட் போனால் கேமை சேவ் செய்து அணைப்பதற்கு மட்டும் அது, விளையாடித் தீர்ப்பதற்கு அல்ல என்று பையனிடம் சொல்லிவிடுங்கள். வீட்டு இன்வெர்ட்டர் ஸ்கொயர் வேவ் வகை என்றால் அதில் இந்த கம்ப்யூட்டரை ஓட்ட வேண்டாம். மலையில் பழைய வீடுகளில் மூன்று துளை பிளக் இருக்கும், மூன்றாவது துளைக்குப் பின்னால் எர்த் வயர் இருக்காது. கேபினெட்டைத் தொட்டால் சுருக்கென்று அடிப்பது அதனால்தான். எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு முதலில் அதைச் சரி செய்யுங்கள். இடி மின்னல் நாளில் பிளக்கைப் பிடுங்கும்போது இன்டர்நெட் கேபிளையும் பிடுங்குங்கள். மின்னல் அந்த வழியாகவும் வரும்.

பில் விஷயத்துக்கு வருகிறேன். பெங்களூரு சேலத்திலிருந்து 200 கிலோமீட்டர். அங்கே எடுத்த பொருளுக்கு பில் யார் பெயரில் இருக்கும்? அந்தத் தம்பி பெயரில், அல்லது யார் பெயரிலும் இல்லாமல். நாளை அவர் ஓசூரில் வேலை கிடைத்துப் போய்விட்டால் உங்கள் வாரண்டியும் அவரோடு போய்விடும். ‘ஒரு மாசம் டெஸ்டிங் வாரண்டி’ என்பது இடைத்தரகர்களின் கண்டுபிடிப்பு. கார்டுக்கும் போர்டுக்கும் கம்பெனி தருவது பொதுவாக மூன்று வருஷம். உள்ளூர்க் கடையிலும் ‘எஸ்டிமேட்’ என்று வெள்ளைச் சீட்டில் எழுதித் தருவார்கள், பில் போட்டால் 18 சதவீதம் கூடும் என்பார்கள். எம்ஆர்பி விலையில் வரி ஏற்கெனவே அடக்கம். தமிழ்நாட்டுக் கடை பில்லில் ஜிஎஸ்டி எண் 33 என்று தொடங்கும். உங்கள் பெயரும், ஒவ்வொரு பொருளின் முழு மாடலும் சீரியல் எண்ணும் அதில் இருக்க வேண்டும். பில் தர மறுப்பதை 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் முறையற்ற வணிகம் என்றே சொல்கிறது. 1915 என்ற எண்ணில் புகார் சொல்லலாம். மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் 5 லட்சம் வரையிலான பொருளுக்கு மனுக் கட்டணமும் இல்லை. சட்டம் இத்தனை தெளிவாக இருந்தும், வாரண்டிக்குப் போனால் கடைக்காரர் விநியோகஸ்தரைக் காட்டுகிறார், விநியோகஸ்தர் சென்னைக்கு கூரியர் பண்ணச் சொல்கிறார், வாரக்கணக்கில் பதில் இல்லை. அந்த இழுபறியில் உங்கள் கையில் இருக்கும் ஒரே பிடி பில்தான்.

கடையிலேயே கூட்டிப் பூட்டி, விண்டோஸ் ஏற்றி, பையன் விரும்பும் கேம் ஒன்றை அரை மணி நேரம் ஓடவிட்டுப் பாருங்கள். கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் வரும். அதில் பெர்ஃபார்மன்ஸ் பக்கத்தில் பிராசசர், ராம் வேகம், கார்டு மூன்றின் பெயரும் இருக்கும். பில்லோடு ஒத்துப்பாருங்கள். போகும் முன் வீட்டு மானிட்டரின் பின்பக்கத்தையும் பார்த்துவிடுங்கள். நீல நிற விஜிஏ மட்டும் இருந்தால் இந்தக் கார்டுகளோடு நேராகச் சேராது, எச்டிஎம்ஐ-யிலிருந்து விஜிஏ-வுக்கு மாற்றும் அடாப்டர் வாங்க வேண்டும்.

பிறகு கிராபிக்ஸ் கார்டைக் கழற்றி அதன் பெட்டியிலேயே வைத்து, மடியில் கொண்டுபோங்கள். அடிவாரத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவுகளிலும் கேபினெட்டுக்குள் கார்டு ஆடினால் போர்டின் ஸ்லாட் விரிசல் விடும். அந்த உடைப்புக்கு எந்த வாரண்டியும் கிடையாது. கேபினெட்டை, போர்டு கீழ்ப்பக்கம் இருக்கும்படி படுக்கவைத்துக் கொண்டுபோகலாம். வீட்டில் முதலில் கேபினெட்டின் இரும்பைத் தொட்டுவிட்டு, கார்டை ஓரங்களில் பிடித்து, கிளிக் என்று சத்தம் வரும்வரை அழுத்துங்கள். பவர் கேபிளையும் மறக்காமல் செருகுங்கள். மானிட்டர் கேபிள் கார்டில் உள்ள துளைக்குத்தான் போக வேண்டும். மேலே போர்டில் இருக்கும் துளையில் செருகிவிட்டு ‘படம் வரவில்லை’ என்று மறுபடி மலையிறங்க வேண்டாம்.