எந்தத் தொடக்கப்பள்ளியில் சேர்ப்பது?

கேள்வி: மகளுக்கு மே மாதம் ஐந்து வயது முடிகிறது. வீட்டுக்குப் பக்கத்து அரசு தொடக்கப்பள்ளியில் 28 பிள்ளைகள், இரண்டு ஆசிரியர்கள், புதுக் கட்டடம். ஒன்றரை கிலோமீட்டர் தள்ளியுள்ள பள்ளியில் 96 பிள்ளைகள், நான்கு ஆசிரியர்கள், கட்டடம் பழசு. எதில் சேர்க்கலாம்?
– வாசகி, குலசேகரம்

பதில்: ஒரு ஆசிரியருக்கு இங்கே 14 பிள்ளைகள், அங்கே 24. இந்தக் கணக்கை மட்டும் பார்த்தால் ஏமாந்துபோவீர்கள். பிள்ளைகள் எத்தனை பேரானாலும் வகுப்பு ஐந்து. கல்வி உரிமைச் சட்டப்படி 60 பிள்ளைகள் வரை இரண்டு ஆசிரியர்கள்தான். 90 வரை மூன்று, 120 வரை நான்கு. ஈராசிரியர் பள்ளியில் பெரும்பாலும் ஒருவர் 1 முதல் 3 வரை, மற்றவர் 4, 5 வகுப்புகள். ஒருவர் பயிற்சிக்குப் போனால் அன்று ஐந்து வகுப்பும் ஒருவர் தலையில். எனவே நான்கு ஆசிரியர் உள்ள பள்ளியின் தலைமையாசிரியரிடம் நேரடியாகக் கேளுங்கள்: நான்கு பேரும் தினமும் இங்கேதான் இருக்கிறார்களா, யாராவது மாற்றுப்பணியில் வேறு பள்ளிக்குப் போயிருக்கிறார்களா? பதிவேட்டில் நால்வர், வகுப்பறையில் மூவர் என்பது நடக்கக்கூடியதே.

அடுத்து, மூன்றாம் வகுப்பைப் பாருங்கள். வாசிப்பும் கணக்கும் கற்றுத்தரும் அரசின் ‘எண்ணும் எழுத்தும்’ திட்டத்தில், பிள்ளைகளை வகுப்பை வைத்தல்ல, கற்ற அளவை வைத்து அரும்பு (தொடக்க நிலை), மொட்டு, மலர் என்று பிரித்துச் சொல்லிக்கொடுக்கிறார்கள். ஒன்று முதல் மூன்று வரை கலந்து உட்கார்ந்திருப்பதைக் குறையாக எடுத்துக்கொள்ள வேண்டாம், முறையே அதுதான். மூன்றாம் வகுப்பில் இன்னும் எத்தனை பேர் அரும்பில் நிற்கிறார்கள் என்பதே கேள்வி. அனுமதி வாங்கி, இன்னும் நடத்தாத பாடத்தில் ஒரு பத்தியை ஒரு பிள்ளையிடம் வாசிக்கச் சொல்லுங்கள். நடத்திய பாடம் மனப்பாடமாக வந்துவிடும். அதில் ஒன்றும் தெரியாது. கரும்பலகை ஓரத்தில் பதிவு (பெயர் உள்ளவர்கள்), வருகை (அன்று வந்தவர்கள்) என்று எண்ணிக்கை எழுதியிருப்பார்கள். திங்கட்கிழமையும் வெள்ளிக்கிழமையும் அதைப் பாருங்கள்.

கட்டடத்தைப் பார்க்க நம் குமரி மாவட்டத்தில் நல்ல நாள், ஜூன் மழை கொட்டும் நாள். கூரை ஒழுகுகிறதா, கழிப்பறைக்குப் பிள்ளை நனையாமல் போக முடிகிறதா, குழாயைத் திறந்தால் தண்ணீர் வருகிறதா என்று பாருங்கள். பழைய ஓட்டுக் கட்டடம் இதில் தேறிவிட்டால் வயதைப் பொருட்படுத்த வேண்டாம். புதுச் சுவரின் வண்ண ஓவியத்தில் மயங்கவும் வேண்டாம்.

நீங்கள் சொன்ன விவரப்படி, நால்வரும் உண்மையில் அங்கே இருந்து, போய்வர வழியும் இருந்தால் 96 பேர் பள்ளிதான் என் தேர்வு. பக்கத்துப் பள்ளியின் மூன்றாம் வகுப்பு தடங்கலில்லாமல் வாசித்தால், தயங்காமல் அங்கேயே சேருங்கள். ஜூலை 31-க்குள் ஐந்து வயது நிறைந்தால் போதும்.

கேள்வி: பையன் தனியார் பள்ளியில் யு.கே.ஜி. முடிக்கிறான். அரசுப் பள்ளிக்கு மாற்ற டி.சி. தராமல் இழுக்கிறார்கள். உதவிபெறும் பள்ளியில் சேர்த்தால் பின்னால் மருத்துவம் போன்ற படிப்புகளில் அரசுப் பள்ளி மாணவர்களுக்குத் தரும் 7.5% ஒதுக்கீடு போய்விடுமா?
– வாசகர், கருங்கல்

பதில்: டி.சி. தாமதமாவதைக் காட்டிச் சேர்க்கையை மறுக்கக் கூடாது; சட்டமே அப்படிச் சொல்கிறது. பிறப்புச் சான்றும் ஆதாரும் இருந்தால் கொண்டுபோங்கள். சிக்கல் எமிஸ் எண்ணில் (கல்வித் துறையின் இணையப் பதிவில் ஒவ்வொரு மாணவருக்கும் உள்ள எண்) வரும்: பழைய பள்ளி தன் கணக்கிலிருந்து பையனின் பெயரைக் காமன் பூல் என்ற பொதுப் பட்டியலுக்கு விடுவிக்காதவரை புதுப் பள்ளி தன் கணக்கில் ஏற்ற முடியாது. பணம் கட்டிய ரசீதோடு விடுவிக்கச் சொல்லி எழுத்தில் கொடுங்கள். நகரவில்லை என்றால் வட்டாரக் கல்வி அலுவலரிடம் மனு.

7.5% ஒதுக்கீட்டுக்கு 6 முதல் 12 வரை அரசுப் பள்ளியில் படித்திருப்பதே கணக்கு. ஐந்தாம் வகுப்பு வரை உதவிபெறும் பள்ளியில் படித்தாலும் பாதகமில்லை. ஆறாம் வகுப்புக்கு அரசுப் பள்ளிக்கு மாற்றிவிடுங்கள்.