கால்நடை மருத்துவர் பதில்கள்: நாயின் மூட்டு வலியும் நீவிவிடுதலும்

கேள்வி: எங்கள் வீட்டு லேப்ரடாருக்குப் பத்து வயது முடிந்துவிட்டது. காலையில் எழுந்து நிற்கவே சிரமப்படுகிறது. கொஞ்சம் நடந்த பிறகுதான் கால்கள் இயல்புக்கு வருகின்றன. எக்ஸ்ரே எடுத்துப் பார்த்த மருத்துவர், இடுப்பு மூட்டில் தேய்மானம் என்று சொல்லி மாத்திரை கொடுத்திருக்கிறார். தினமும் இடுப்பைப் பிடித்துவிட்டால் வலி குறையும் என்கிறார் நண்பர் ஒருவர். நாங்களே செய்யலாமா, டாக்டர்? (வாசகி, கோயம்புத்தூர்)

பதில்: தாராளமாகச் செய்யலாம்; ஆனால் இடுப்பிலிருந்து தொடங்க வேண்டாம். தேய்ந்துபோன மூட்டை நீவிச் சரிசெய்ய எவராலும் முடியாது. நீவிவிடுவதால் பயன் பெறுபவை, அந்த மூட்டுக்குப் பதிலாகக் கூடுதல் வேலை செய்து இறுகிப்போன தசைகள்தாம். நின்றுகொண்டிருக்கும் நாயின் எடையில் ஏறத்தாழ 60 விழுக்காட்டை முன்னங்கால்களே தாங்குகின்றன. பின்னங்கால் வலிக்கத் தொடங்கியதும் நாய் தன் எடையை இன்னும் முன்பக்கமாகச் சாய்த்துக்கொள்வதால், தோள்பட்டையும் கழுத்தின் அடிப்பகுதியும் முதுகெலும்பின் இருபுறத் தசைகளும் நாள் முழுவதும் இழுத்துப் பிடித்தபடியே இருக்கின்றன. பயன்பாடு குறைந்த தொடைத் தசையோ மெலிந்துகொண்டே வருகிறது. இடுப்பு வலி என்று அழைத்துவரப்படும் பல நாய்கள், இடுப்பைத் தொடும்போது அமைதியாக இருந்துவிட்டு, தோளிலும் முதுகிலும் விரல் படும்போது தோல் துடிக்க விலகுவதைப் பார்க்கிறேன். ஆகவே உங்கள் கை முதலில் போக வேண்டிய இடம் தோள்.

சிறிது தூரம் மெதுவாக நடத்திக் கூட்டிவந்த பிறகு, வயிறு நிறைந்திராத நேரத்தில், அது வழக்கமாகப் படுக்கும் இடத்திலேயே பக்கவாட்டில் படுக்கவிட்டு அருகில் அமர்ந்துகொள்ளுங்கள். உள்ளங்கையை முழுமையாகப் பதித்து, கழுத்திலிருந்து வால் வரை முடி படிந்திருக்கும் திசையில் நான்கைந்து முறை மெல்லத் தடவுங்கள். இதற்கு அழுத்தமே தேவையில்லை. எந்த இடம் மற்ற இடங்களைவிடச் சூடாக, கெட்டியாக, வீங்கி இருக்கிறது என்று உங்கள் கை அறிந்துகொள்வதற்காகவே இதைச் செய்கிறோம். அதன்பின் தோள்பட்டைத் தசையை விரல்நுனியால் குத்தாமல், விரல்களின் தட்டையான பகுதியால் சிறு சிறு வட்டங்களாக நீவுங்கள். முதுகில், எலும்பின் மேல் கை வைக்காமல், அதன் இருபுறமும் ஓடும் சதைப்பகுதியில் மட்டும் நீவ வேண்டும். தொடையை இரு கைகளாலும் பிடித்து மெதுவாகப் பிசைந்து, பிறகு பாதத்திலிருந்து உடலை நோக்கி நீண்ட தடவல்களாகத் தடவி முடிக்கலாம். முதல் சில நாட்கள் 5 நிமிடம் போதும். நாய் பழகிய பின் 10 முதல் 15 நிமிடம் வரை கொண்டுசெல்லலாம்.

அளவு போதுமா, மிஞ்சிவிட்டதா என்பதை நாயே தெரிவிக்கும். கண்கள் தளர்ந்து, பெருமூச்சு விட்டு, உடலை உங்கள் பக்கம் சாய்த்தால் தொடரலாம். உதட்டை அடிக்கடி நக்குவது, கொட்டாவி விடுவது, காதைப் பின்னால் மடக்குவது, உங்கள் கையைத் திரும்பித் திரும்பிப் பார்ப்பது, வெயில் இல்லாதபோதும் மூச்சிரைப்பது ஆகியவை போதும் என்பதற்கான அடையாளங்கள். உறுமினால் அதட்டாதீர்கள், உறுமலுக்குத் தண்டனை பெற்ற நாய் அடுத்த முறை உறுமாமலே கடிக்கக் கூடும். மறுநாள் காலை வழக்கத்தைவிட அதிகமாக நொண்டினால் முந்தைய நாள் அழுத்தம் கூடிவிட்டது என்று பொருள்.

மாத்திரையை மட்டும் நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். கூடவே, வீட்டின் தரையையும் நாயின் எடையையும் கவனியுங்கள் என்று உங்களை மிகவும் கேட்டுக்கொள்கிறேன். வழுவழுப்பான டைல்ஸ் தரையில் ஒவ்வொரு அடிக்கும் கால் வழுக்கிச் சமாளிக்கும் நாயின் தசையை எவ்வளவு நீவினாலும் அது மாலைக்குள் மீண்டும் இறுகிவிடும். அது நடமாடும் வழியில் ரப்பர் பாயோ தென்னைநார் விரிப்போ போட்டு, நகங்களை அளவாக வெட்டிவிடுங்கள். எடையைப் பொறுத்தவரை, 48 லேப்ரடார் நாய்களை வாழ்நாள் முழுவதும் கவனித்த அமெரிக்க ஆய்வு ஒன்று 2002இல் வெளியானது. இணைகளாகப் பிரிக்கப்பட்ட குட்டிகளில் ஒன்றுக்கு, மற்றதைவிட 25 விழுக்காடு குறைவாக உணவு அளிக்கப்பட்டது. குறைவாக உண்டவற்றின் இடைநிலை ஆயுள் 13 ஆண்டுகள், மற்றவற்றுக்கு 11.2 ஆண்டுகள். மூட்டுத் தேய்மானமும் ஒல்லியான நாய்களுக்குப் பிந்தியே வந்தது. உங்கள் நாயின் விலா எலும்புகள் லேசாகத் தடவியதும் கைக்குத் தட்டுப்படாவிட்டால், இன்றிலிருந்தே உணவைக் குறைப்பது பற்றி மருத்துவரிடம் பேசுங்கள்.

கேள்வி: நீவிவிடும்போது நல்லெண்ணெயோ விளக்கெண்ணெயோ தடவலாமா? நாங்கள் மூட்டு வலிக்குப் பயன்படுத்தும் தைலமும் ஜெல்லும் வீட்டில் இருக்கின்றன. (வாசகர், தஞ்சாவூர்)

பதில்: எதுவும் வேண்டாம். நாயின் உடலில் பூசும் எதுவும் கொஞ்ச நேரத்தில் அதன் வயிற்றுக்குள் போய்விடும், நக்காமல் இருக்க அதற்குத் தெரியாது. விளக்கெண்ணெய் பேதியாக்கும். கற்பூரம் சேர்ந்த தைலங்கள் வலிப்பை உண்டாக்கக் கூடியவை. நீலகிரித் தைலத்தையும், வலி நிவாரணிகளில் சேர்க்கப்படும் மெத்தில் சாலிசிலேட்டையும் நக்கினாலும் நஞ்சாகும். டைக்ளோஃபெனாக் ஜெல் இரைப்பையில் புண்ணையும் சிறுநீரகச் செயலிழப்பையும் ஏற்படுத்தக் கூடும். அதைப் பூசிக்கொண்ட உங்கள் முழங்காலை நாய் நக்கினாலும் ஆபத்துதான். வீட்டிலிருக்கும் ஐபுப்ரோஃபென், பாராசிட்டமால் மாத்திரைகளையும் இரக்கப்பட்டுக் கொடுத்துவிடாதீர்கள். நாய்களுக்குத் தரக்கூடிய கார்ப்ரோஃபென், மெலாக்சிகாம் போன்ற வலி மருந்துகள் உள்ளன. அவற்றையும் எடைக்கேற்ற அளவில் மருத்துவரே எழுதித் தர வேண்டும்.

உலர்ந்த, வெதுவெதுப்பான கையே நீவுவதற்குப் போதுமானது. தசை மிகவும் இறுகியிருந்தால், துண்டை மிதமான சுடுநீரில் பிழிந்து, உங்கள் முழங்கையின் உட்புறத்தில் வைத்துச் சூடு பார்த்துவிட்டு, 10 நிமிடம் ஒத்தடம் கொடுத்த பின் நீவலாம். இது நாள்பட்ட இறுக்கத்துக்கு மட்டும் உரியது. புதிதாகச் சுளுக்கி வீங்கிய இடத்துக்கு முதல் இரண்டு மூன்று நாட்கள் துணியில் சுற்றிய பனிக்கட்டிதான் ஏற்றது. மின்சார ஒத்தடப் பைகளைத் தவிர்த்துவிடுங்கள், எழுந்து நகர முடியாத நாய்க்கு அவை தீக்காயத்தை உண்டாக்கிவிடும்.

கேள்வி: எங்களுடைய சிப்பிப்பாறை நாய்க்கு மூன்று வயது. ஒரு வாரமாக நொண்டுகிறது. ஒரு நாள் வலது முன்னங்கால், மறுநாள் இடது பின்னங்கால் என்று மாறிக்கொண்டே இருக்கிறது. சரியாகச் சாப்பிடுவதுமில்லை. ஓடும்போது தசை பிடித்திருக்கும் என்று நினைத்துத் தினமும் நன்றாகப் பிடித்துவிடுகிறோம், குறையவில்லை. (வாசகர், விருதுநகர்)

பதில்: இன்றே நிறுத்திவிட்டு இரத்தப் பரிசோதனைக்கு அழைத்துச் செல்லுங்கள். கால் மாறிக் கால் நொண்டுவதும் பசி குறைவதும் சேர்ந்து வந்தால், நம் ஊரில் நான் முதலில் சந்தேகிப்பது உண்ணிக் காய்ச்சலை. உண்ணி கடிப்பதால் பரவும் எர்லிக்கியா என்னும் நுண்ணுயிரி மூட்டுகளில் அழற்சியை உண்டாக்குவதோடு, இரத்தம் உறைவதற்குத் தேவையான தட்டணுக்களையும் குறைத்துவிடுகிறது. அந்த நிலையில் அழுத்திப் பிசைந்தால் தோலுக்கடியில் இரத்தம் கசியும். வலியைக் குறைக்க எண்ணிச் செய்வது புதுக் காயமாகிவிடும். ஈறுகளிலும் அடிவயிற்றிலும் சிவப்புப் புள்ளிகள் இருக்கின்றனவா, மூக்கில் இரத்தம் வருகிறதா என்று பாருங்கள். நாயின் இயல்பான வெப்பநிலை 101 முதல் 102.5 டிகிரி ஃபாரன்ஹீட் வரை இருக்கும் என்பதால், தொட்டுப் பார்த்துக் காய்ச்சலைத் தீர்மானிக்க இயலாது. ஆசனவாயில் வெப்பமானி வைத்துத்தான் பார்க்க வேண்டும். 103ஐத் தாண்டினால் அந்த நாயை நீவவே கூடாது. இந்நோய்க்கு டாக்சிசைக்ளின் நல்ல மருந்து, வழக்கமாக நான்கு வாரம் தர வேண்டியிருக்கும். இரண்டாம் நாளே நாய் துள்ளி ஓடுகிறது என்று இடையில் நிறுத்திவிடாதீர்கள்.

குணமான பிறகு நீவுவதானால், இந்த இன நாய்க்குத் தோல் மெல்லியது, கொழுப்பும் குறைவு என்பதை நினைவில் வையுங்கள். லேப்ரடாருக்குக் கொடுக்கும் அழுத்தத்தில் பாதியே இதற்கு அதிகம். காதுக்குள், விரலிடுக்கில், வாலின் அடியில் விரலை ஓட்டி உண்ணி இருக்கிறதா என்று பார்ப்பதற்கும் அந்த நேரத்தைப் பயன்படுத்திக்கொள்ளலாம்.

கேள்வி: ஐந்து வயது டாஷ்ஹண்ட் நேற்று கட்டிலிலிருந்து குதித்தபின் வீறிட்டுக் கத்தியது. முதுகைத் தொடவிடுவதில்லை, பின்னங்கால்கள் தள்ளாடுகின்றன. மெதுவாக நீவினால் சரியாகுமா? (வாசகி, திருச்சி)

பதில்: கூடாது. நீண்ட முதுகும் குட்டைக் கால்களும் உள்ள இந்த இனத்தில் முதுகெலும்புகளுக்கு இடையிலுள்ள வட்டு விலகித் தண்டுவடத்தை அழுத்துவது அடிக்கடி நிகழ்கிறது. நீவுவதும் முதுகை வளைப்பதும் அந்த அழுத்தத்தைக் கூட்டக் கூடும். தட்டையான பலகையில் படுக்கவைத்து, முதுகு வளையாமல், உடனே மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லுங்கள். பின்னங்கால்கள் முற்றிலும் செயலிழந்துவிட்டால் ஒவ்வொரு மணி நேரத் தாமதமும் மீளும் வாய்ப்பைக் குறைக்கும்.

கேள்வி: எங்கள் பகுதியில் நாய்களுக்கு முடி வெட்டும் கடை ஒன்றில் மூட்டு வலிக்கு மசாஜும் செய்கிறார்கள். அங்கே அழைத்துச் செல்லலாமா? (வாசகர், சென்னை)

பதில்: நாயை மேசையில் ஏற்றுவதற்கு முன் அவர்கள் உங்களிடம் என்ன கேட்கிறார்கள் என்று கவனியுங்கள். எக்ஸ்ரே, தற்போதைய மருந்துகள், உடலில் கட்டிகள், இதய நோய், தோல் தொற்று, அண்மையில் செய்த அறுவை சிகிச்சை ஆகிய எதைப் பற்றியும் கேட்காதவரிடம் நாயை ஒப்படைக்காதீர்கள். நோயைக் கண்டறிந்து சிகிச்சை அளிப்பது, 1984ஆம் ஆண்டின் இந்தியக் கால்நடை மருத்துவக் கழகச் சட்டப்படி, பதிவு பெற்ற கால்நடை மருத்துவரின் பணி. மருத்துவர் பார்த்து, இன்ன இடத்தில் இவ்வளவு நீவலாம் என்று சொன்ன பிறகு, பழகிய கை ஒன்று உதவினால் நல்லதுதான். சென்னை வேப்பேரியில் 1903இல் தொடங்கப்பட்ட கால்நடை மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனை உங்களுக்கு அருகிலேயே இருக்கிறது. நாமக்கல், ஒரத்தநாடு, திருநெல்வேலி ஆகிய ஊர்களிலும் அரசுக் கால்நடை மருத்துவக் கல்லூரிகள் உள்ளன. பரிசோதனைக்குப் போகும்போது, நாய் எழுந்திருப்பதையும் படியேறுவதையும் வீட்டிலேயே கைபேசியில் படம்பிடித்துக்கொண்டு போங்கள். மருத்துவமனைக்கு வந்த பதற்றத்தில் பல நாய்கள் நொண்டுவதையே மறைத்துவிடுகின்றன.