நேரில் சொல்லக் கூச்சமாக இருந்தால், மனநல உதவியை இணையத்தில் தேடலாமா?

தாராளமாகத் தேடலாம், இதில் வெட்கப்பட ஒன்றுமே இல்லை. மனநலப் பாதிப்புகளில் ஏறக்குறைய முக்கால்வாசி 24 வயதுக்குள்ளேயே தொடங்கிவிடுகின்றன, அதனால் இளம் வயதுதான் உதவி தேடச் சரியான நேரம்.

இணையத்தில் கிடைக்கும் பிஹெச்க்யூ-9 என்ற மனச்சோர்வுக் கேள்வித்தாளில் மொத்தம் 27 மதிப்பெண். 10 அல்லது அதற்கு மேல் வந்தால் மருத்துவரைப் பாருங்கள் என்று அர்த்தம், நோய் உறுதியாகிவிட்டது என்றில்லை. அப்புறம், சிபிடி எனப்படும் பேச்சுச் சிகிச்சை இணைய வழியிலும் மனச்சோர்வுக்கும் பதற்றத்துக்கும் நன்றாகவே உதவுகிறது, ஆனால் நீங்களாகவே பாடங்களைப் படித்துக்கொண்டு போவதைவிட ஒரு சிகிச்சையாளர் அவ்வப்போது விசாரித்துக்கொண்டே இருந்தால்தான் பலரும் பாதியில் விடாமல் முடிக்கிறார்கள், பலனும் கூடுதல்.

உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் வந்தால் மட்டும் தயவுசெய்து செயலியில் பதிலுக்காகக் காத்திருக்காதீர்கள். உடனே அவசர உதவி எண்ணை அழையுங்கள், நடுராத்திரியானாலும் பக்கத்தில் இருப்பவரை எழுப்புங்கள்.