ஓஆர்எஸ் கேட்டேன், ஜூஸ் கொடுத்தார்கள்

கேள்வி: அழகர் ஆற்றில் இறங்குவதைப் பார்த்துவிட்டு வந்த மறுநாள் என் ஐந்து வயது மகனுக்கு வயிற்றுப்போக்கு. தெருமுனை மெடிக்கலில் ஓஆர்எஸ் கேட்டேன். ஆப்பிள் சுவையில் 200 மில்லி அட்டைப்பெட்டி இரண்டு கொடுத்தார்கள். பையன் ஆசையாகக் குடித்தான், ஆனால் போக்கு அதிகமாகிவிட்டது. பிறகுதான் பெட்டியைப் படித்தேன்: 100 மில்லிக்குச் சீனி 11 கிராம். இதுவும் ஓஆர்எஸ்தானா? பணத்தைத் திருப்பிக் கேட்கலாமா?
(வாசகி, வில்லாபுரம்)

பதில்: ஆசையாகக் குடித்தான் என்கிறீர்களே, அங்கேயே சந்தேகம் வந்திருக்க வேண்டும். நிஜமான ஓஆர்எஸ் கண்ணீர் மாதிரி லேசாகக் கரிக்கும். உங்களுக்குக் கொடுத்தது ஜூஸ்.

உலக சுகாதார நிறுவனத்தின் 2002ஆம் ஆண்டு அளவுப்படி ஒரு லிட்டரில் குளுக்கோஸ் 13.5 கிராம், சாப்பாட்டு உப்பு 2.6, பொட்டாசியம் குளோரைடு 1.5, சோடியம் சிட்ரேட் 2.9 கிராம். அதாவது 200 மில்லியில் குளுக்கோஸ் மூன்று கிராம்கூட இல்லை. உங்கள் பெட்டியில் 22 கிராம் சீனி!

சீனி கூடினால் என்ன கெட்டுவிடும் என்று தோன்றும். எண்ணெயில் சீனியைப் போட்டுக் கிண்டிப் பாருங்கள், கரையாது. குடல் செல்லைச் சுற்றியிருக்கும் சவ்வும் கொழுப்பால் ஆனதுதான். குளுக்கோஸ் அதைத் தானாகத் தாண்டாது, தூக்கிவிட ஆள் வேண்டும். அந்த ஆள் எஸ்ஜிஎல்டி1 என்கிற புரதம். நம் ஷேர் ஆட்டோ மாதிரிதான், ஆள் சேராமல் கிளம்பாது. இரண்டு சோடியம் ஏறினால்தான் ஒரு குளுக்கோஸுக்கு இடம். ஏறியதும் குடல் பக்கம் மூடிக்கொண்டு செல்லின் உள்பக்கம் திறக்கும், எல்லோரும் இறங்குவார்கள். சோடியத்தை இன்னொரு புரதம் ரத்தத்தின் பக்கம் வெளியேற்றிக்கொண்டே இருக்கும். உள்ளே சோடியம் குறைவாக இருப்பதால்தான் அடுத்த வண்டியும் ஓடுகிறது. குளுக்கோஸ் குளூட்2 என்ற பின்வாசல் வழியாக ரத்தத்துக்குப் போகும். உப்பும் சர்க்கரையும் போகிற பக்கமே தண்ணீரும் போகும். நமக்கு வேண்டியதே அந்தத் தண்ணீர்தான்.

சோடியமும் குளுக்கோஸும் சேர்ந்தே போகின்றன என்று 1960இல் உயிர்வேதியியல் அறிஞர் ராபர்ட் கிரேன் சொன்னார். காலரா வந்த குடலில்கூட இந்த வாசல் கெடுவதில்லை. 1971இல் வங்கதேச அகதிகள் முகாமில் டாக்டர் திலீப் மகாலனாபிஸ் உப்பும் குளுக்கோஸும் கலந்த கரைசலைக் கொடுத்து ஏராளமான உயிர்களைக் காப்பாற்றினார்.

உங்கள் ஜூஸில் சோடியம் குறைவு, சீனி மலை. வண்டி கிடைக்காத சீனி குடலிலேயே தங்கிவிடும். நறுக்கிய மாங்காயில் உப்பைத் தூவினால் தண்ணீர் விடுமே, அதே போல உடம்பிலிருந்து தண்ணீரைக் குடலுக்குள் இழுக்கும். போக்கு கூடியதற்கு இது காரணமாக இருக்கலாம். பையன் சோர்ந்து கிடந்தாலோ, கண் குழி விழுந்தாலோ, சிறுநீர் போகாவிட்டாலோ இதைப் படித்துக்கொண்டிருக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள்.

வாங்கும்போது முன்பக்கப் பெயரை விடுங்கள், பின்பக்கப் பட்டியலைப் பாருங்கள். கலக்கிய 100 மில்லியில் சோடியம் 170 மில்லிகிராம் அளவில், குளுக்கோஸ் ஒன்றரை கிராமுக்குள் இருக்க வேண்டும். பெட்டியில் வருவதெல்லாம் போலி என்று நான் சொல்லவில்லை. கணக்கு சரியாக இருந்தால் பெட்டியும் சரிதான். ஆரம்ப சுகாதார நிலையத்தில் பாக்கெட்டை இலவசமாகவே கொடுக்கிறார்கள்.

பணத்தைப் பொறுத்தவரை, பானத்தை விற்பதற்குத் தடையில்லை, அதன் பெயரில் ‘ஓஆர்எஸ்’ இருப்பதற்குத்தான் தடை. ஹைதராபாத் குழந்தை மருத்துவர் சிவரஞ்சனி சந்தோஷ் பல வருடம் போராடியதன் பலனாக 2025 அக்டோபரில் உணவுப் பாதுகாப்பு ஆணையம் அந்தப் பெயரைப் போட்டுக்கொள்ள முன்பு தந்திருந்த அனுமதியை ரத்து செய்தது. உங்கள் பெட்டியில் அந்தப் பெயர் இருந்தால் பேட்ச் எண், தயாரிப்புத் தேதி தெரிகிற மாதிரி போட்டோ எடுத்து, மாவட்ட உணவுப் பாதுகாப்பு அலுவலகத்தில் புகார் கொடுங்கள். 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணிலும் சொல்லலாம். பெயர் இல்லாவிட்டாலும், ஓஆர்எஸ் கேட்டவருக்கு ஜூஸ் கொடுத்தது கடைக்காரர் தவறுதான். முதலில் கடையிலேயே கேளுங்கள், நாலு பேர் முன்னால் கேட்டால் கொடுத்துவிடுவார். பில் வாங்கினீர்களா என்று நீங்கள் எழுதவில்லை. வாங்கியிருக்க மாட்டீர்கள் என்று நினைக்கிறேன்.

கேள்வி: மளிகைக் கடை குளுக்கோஸ் பவுடரில் ஒரு சிட்டிகை உப்பு போட்டால் போதாதா?
(வாசகர், மேலூர்)

பதில்: சிட்டிகை ஒவ்வொருவர் விரலுக்கும் ஒவ்வொரு அளவு. பாக்கெட் கிடைக்காத ராத்திரிக்கு, ஒரு லிட்டர் காய்ச்சி ஆறவைத்த தண்ணீரில் சீனி தலைதட்டி ஆறு டீஸ்பூன், உப்பு தலைதட்டி அரை டீஸ்பூன் போடுங்கள். குடலில் சீனி உடைந்து பாதி குளுக்கோஸ், பாதி ஃபிரக்டோஸ் ஆகும். ஃபிரக்டோஸுக்கு வாசல் வேறு, சோடியத்தைக் கூட்டிப் போகாது. பொட்டாசியமும் இதில் இல்லை. அதனால் விடிந்ததும் பாக்கெட் வாங்கிவிடுங்கள்.

கேள்வி: ஒரு லிட்டர் பாக்கெட்டை டம்ளர் டம்ளராகப் பிரித்துக் கலக்கலாமா?
(வாசகி, திருமங்கலம்)

பதில்: கூடாது. பொடிக்குள் உப்பும் குளுக்கோஸும் எல்லா மூலையிலும் ஒரே அளவில் இருக்காது. மொத்தத்தையும் ஒரு லிட்டரில் கலக்குங்கள், 24 மணி நேரம் ஆனால் மிச்சத்தைக் கொட்டிவிடுங்கள். மனசு வராவிட்டால் 200 மில்லி பாக்கெட்டாகக் கேட்டு வாங்குங்கள்.