சோதனைக்கு ரேண்டம் பெயர்கள்: கேள்வி பதில்

கேள்வி: டெஸ்ட் சர்வருக்கு ஆயிரக்கணக்கில் பெயர்கள் வேண்டும். வாடிக்கையாளர் பட்டியலையே காப்பி எடுத்துப் போட்டுவிடலாமா சார்?

பதில்: வேண்டவே வேண்டாம். டெஸ்ட் சர்வருக்குப் பாதுகாப்பு குறைவு. அங்கிருந்து தவறுதலாக ஒரு மெயில் கிளம்பினாலும் அது உண்மையான ஆளுக்குப் போய்ச் சேரும். பைத்தான் புரோகிராம் மொழியில், போலித் தகவல்களை உருவாக்கித் தரும் ஃபேக்கர் லைப்ரரி இருக்கிறது. நேம் ஃபங்ஷனைக் கூப்பிட்டால் பெயர் வரும்; லொகேலை, அதாவது மொழி அமைப்பை, தமிழுக்கு மாற்றினால் தமிழ்ப் பெயர்களே வரும்.

கேள்வி: பெயர் மட்டும்தான் தேவை. அதற்கு இவ்வளவு பெரிய லைப்ரரியா? நானே எழுதிக்கொள்ளலாமா?

பதில்: தாராளமாக. பெயர்ப் பட்டியல் ஒன்று, கூடவே ஒவ்வொரு பெயருக்கும் எடை, அதாவது அது எவ்வளவு அடிக்கடி வர வேண்டும் என்பதற்கான எண். எடை இல்லாவிட்டால் அபூர்வமான பெயரும் பரவலான பெயரும் ஒரே அளவில் வந்து நிற்கும். மூன்று பெயர்களுக்கு 50, 30, 20 என்று எடை வையுங்கள். கூட்டிக்கொண்டே போனால் 50, 80, 100. நூறுக்குள் ஓர் எண்ணை எடுங்கள். 63 வந்தால், அதைத் தாண்டும் முதல் கூட்டுத்தொகை 80, ஆகவே இரண்டாவது பெயர். பைத்தான் 3.6 முதல் ரேண்டம் மாட்யூலில் உள்ள சாய்சஸ் ஃபங்ஷன் இதை ஒரே வரியில் செய்துவிடும்.

கேள்வி: முதல் பெயர் 1,000, கடைசிப் பெயர் 1,000 வைத்திருக்கிறேன். பத்து லட்சம் சேர்க்கை இருந்தும் ஒரே பெயர் திரும்ப வருகிறதே?

பதில்: வரத்தான் செய்யும். எடையே இல்லாமல் எடுத்தாலும், சுமார் 1,200 பெயர்களுக்குள் ஏதாவது ஒன்று இரட்டிக்கப் பாதிக்குப் பாதி வாய்ப்பு உண்டு. ஃபேக்கரின் யூனிக் வசதி இதைத் தடுக்கும். பட்டியல் தீர்ந்துபோனால் எரர் தரும். ஆனால் தடுக்காதீர்கள் என்றுதான் சொல்வேன். ஒரே பெயரில் இருவர் இருப்பது உலக வழக்கம். அதில் உங்கள் புரோகிராம் உடைந்தால், பெயரை அடையாள எண்ணாகப் பயன்படுத்தியிருக்கிறீர்கள் என்று பொருள். அந்த டிசைனைத்தான் திருத்த வேண்டும்.

கேள்வி: நேற்று டெஸ்ட் ஃபெயில், இன்று அதே கோட் பாஸ். என்ன செய்வது?

பதில்: சீட் (seed) வையுங்கள்; ரேண்டம் தேர்வு தொடங்கும் எண் அது. சீட் எண் ஒன்றாக இருந்தால் பெயர்களும் அதே வரிசையில் வரும். ஒவ்வொரு முறையும் புது சீட் எடுத்து, அதை லாகில் (டெஸ்ட் ஓடியதன் பதிவில்) அச்சிடுவது எனக்குப் பிடித்த முறை: புதுப் பெயர்களும் கிடைக்கும், ஃபெயில் ஆனதை அப்படியே திரும்ப ஓட்டவும் முடியும். லைப்ரரி வெர்ஷனையும் பூட்டிவிடுங்கள். பெயர்ப் பட்டியல் மாறினால் அதே சீட் வேறு பெயரைத் தரும்.

கேள்வி: ரேண்டம் பெயர்களே போதுமா அண்ணா?

பதில்: போதாது. அவை பெரும்பாலும் ஒழுங்கான பெயர்கள். ஒற்றைப் பெயர் மட்டும் உள்ளவர், பெயருக்குள் ஹைஃபன் அல்லது மேற்கோள் குறி உள்ளவர், ஒரே எழுத்தில் பெயர் உள்ளவர், இவர்களை எல்லாம் கையால் எழுதிச் சேருங்கள். 'கீர்த்தி' நம் கண்ணுக்கு நான்கு எழுத்து. யூனிகோடில் 8 குறியீடுகள், அதைச் சேமிக்கும் யூடிஎஃப்-8 முறையில் 24 பைட். 20 பைட்டோடு வெட்டும் டேட்டாபேஸ் நெடுவரிசை (column) அந்தப் பெயரைச் சிதைத்துவிடும். தன் பெயரைத் திரையில் உடைந்த நிலையில் பார்ப்பவருக்கு அது சின்ன விஷயமே இல்லை.

கேள்வி: இதே ரேண்டமை வைத்துப் பாஸ்வேர்டும் உருவாக்கலாமா?

பதில்: கூடாது. பைத்தானின் சாதாரண ரேண்டம், மெர்சென் ட்விஸ்டர் முறையில் ஓடுவது. அடுத்தடுத்து 624 எண்கள் கிடைத்தால் இனி வரப்போவதைக் கணித்துவிடலாம். பாஸ்வேர்டுக்கு சீக்ரெட்ஸ் மாட்யூலைப் பயன்படுத்துங்கள்.