"நீங்க என்ன ஆளுங்க?"
வாய்மொழி வரலாறு சேகரிக்கும் பெண்களுக்கு: வாசகர் கேள்வி-பதில்

கேள்வி: நாகப்பட்டினம் பக்கம் வயதான விவசாயக் கூலிப் பெண்களிடம் 1960களைப் பற்றிக் கேட்டுப் பதிவு செய்கிறேன். எடுத்த எடுப்பில் "நீங்க என்ன ஆளுங்க?" என்கிறார்கள். அடுத்து "கல்யாணம் ஆச்சா?" சாதியைச் சொன்னால் பேச்சு நின்றுவிடுமோ? மழுப்பலாமா?

பதில்: மழுப்பாதீர்கள். 1968 டிசம்பர் 25 இரவு உங்கள் பகுதியின் கீழ்வெண்மணி கிராமத்தில் தலித் கூலிக் குடும்பங்களைச் சேர்ந்த 44 பேர் எரித்துக் கொல்லப்பட்டார்கள். பெரும்பாலோர் பெண்களும் குழந்தைகளும். அந்த வட்டாரத்தில் வந்தவள் யார் வீட்டுப் பெண் என்று விசாரிப்பது வம்புக்காக அல்ல. தாங்கள் சொல்வது யார் காதுக்குப் போகும் என்று பார்க்கிறார்கள். அதைத் தெரிந்துகொள்ள அவர்களுக்கு முழு உரிமை உண்டு.

நீங்கள் நிலவுடைமைச் சாதி என்று தெரிந்தால் பேச்சு மாறத்தான் செய்யும். மிராசுதார் பெயர் வராது. முந்தைய தலைமுறை பட்ட சாணிப்பாலும் (தண்டனையாகக் குடிக்க வைத்த சாணிக் கரைசல்) சவுக்கடியும் "அந்தக் காலத்துல அப்படித்தான்" என்று ஒரே வரியில் முடிந்துவிடும். அந்த வரியும் சான்றுதான், யாரிடம் சொன்னது என்று பக்கத்தில் எழுதியிருந்தால். அன்றிரவே நோட்டில் குறியுங்கள்: யார் கூட்டிப்போனார், எங்கே உட்கார்ந்தீர்கள், கொடுத்த டீயைக் குடித்தீர்களா, பக்கத்தில் யார் இருந்தார்கள், எந்தக் கேள்விக்குக் குரல் தாழ்ந்தது. மறுநாள் எழுதினால் பாதி போய்விடும்.

பலர் தவறுவது இதற்கும் முன்பே. ஊர்த்தெருவில் தங்கிக்கொண்டு, தலைவரோடு பைக்கில் காலனிக்குள் போய் இறங்குவார்கள். அதன்பிறகு சாதியை மறைத்தும் பயனில்லை, சொல்லியும் பயனில்லை.

கல்யாணத்துக்கும் இதே பதில்தான். பாதுகாப்புக்காகப் பொய் மெட்டி போடுவதைவிட, ஒரு தோழியோடு போவதும், கடைசி பஸ்ஸுக்கு முன் திரும்புவதும் நல்லது.

கேள்வி: ஒரு பாட்டி தன் இளவயதில் நேர்ந்த பாலியல் வன்முறையைச் சொன்னார். மருமகள் உள்ளே வந்ததும் நிறுத்திவிட்டார். பெயரை மாற்றி ஆய்வேட்டில் சேர்க்கலாமா?

பதில்: அவரிடம் தனியாகக் கேட்காமல் கூடாது. பெயரை மாற்றுவது சின்ன ஊரில் ஒன்றையும் மறைக்காது. "மூன்று பெண், ஒரு பையன் ரயில்வேயில்" என்ற வரி போதும், தெருவே ஆளைச் சொல்லிவிடும். ஊர், தொழில், பிள்ளைகள் எண்ணிக்கை எல்லாவற்றையும் கலைக்க வேண்டும். கலைத்தால் பொருளே போய்விடுமென்றால், அந்தப் பகுதியை விடுங்கள்.

பிரிவினையில் கடத்தப்பட்ட பெண்களை மீட்க 1949இல் இந்தியா ஒரு சட்டம் இயற்றியது. திரும்ப விருப்பமா என்று அந்தப் பெண்களைச் சட்டம் கேட்கவில்லை. மீண்டு வந்தவர்களில் பலர் வாயே திறக்காமல் வாழ்ந்தார்கள். பல ஆண்டுகள் கழித்து அவர்களைத் தேடிப்போன பெண் ஆய்வாளர்களுக்கு, அந்த மௌனத்தைக் கலைக்கத் தமக்கு உரிமை உண்டா என்பதே பெரிய கேள்வியாக இருந்தது. "நானும் பெண்தானே" என்ற நெருக்கம் வாயைத் திறக்க வைக்கும். நாம் பஸ் ஏறிப் போய்விடுவோம். அதே வீட்டில், அதே மருமகளோடு இருக்கப்போவது அவர்.

கேள்வி: ஒப்புதல் படிவத்தில் கையெழுத்து வேண்டும் என்கிறது பல்கலைக்கழகம். பாட்டிகள் கைநாட்டு வைக்கப் பயப்படுகிறார்கள்.

பதில்: படிக்கத் தெரியாத தாளில் கைநாட்டு வைத்து நிலத்தை இழந்த ஊர்களில் அந்தப் பயம் நியாயமானது. குரலிலேயே ஒப்புதல் வாங்க நெறிமுறைக் குழுவிடம் முன்கூட்டியே எழுத்தில் அனுமதி பெறுங்கள். பேச்சுக்கு முன் ஒருமுறை, முடிந்தபின் ஒருமுறை கேளுங்கள். என்ன சொல்லப்போகிறோம் என்பது முதல் தடவை அவருக்கே தெரியாது. பதிவைப் போட்டுக் காட்டி, வேண்டாத இடத்தை அவர் எதிரிலேயே நீக்குங்கள். ஒப்புதலைத் திரும்பப் பெறக் கடைசித் தேதியையும் சொல்லுங்கள்.

"யாருக்கும் தெரியாது" என்று வாக்குக் கொடுக்காதீர்கள். அமெரிக்காவின் பாஸ்டன் கல்லூரி 2001 முதல் 2006 வரை வட அயர்லாந்தின் முன்னாள் ஆயுதக் குழுவினரிடம், இறக்கும்வரை வெளிவராது என்று சொல்லிப் பேட்டிகள் எடுத்தது. 1972இல் பத்துப் பிள்ளைகளின் தாய் ஒருவர் கடத்திக் கொல்லப்பட்ட வழக்குக்காக 2011இல் நீதிமன்ற ஆணை வந்தது. பேட்டி ஒலிநாடாக்கள் சில போலீஸ் கைக்குப் போயின. "கோர்ட் கேட்டால் கொடுக்க வேண்டிவரும்" என்பதை மைக்கைப் போடும் முன்பே சொல்லிவிடுங்கள்.

கேள்வி: பேட்டியால் கூலியை இழந்த நாளுக்குப் பணம் தரலாமா?

பதில்: நடவு, அறுவடை நாளில் போகாதீர்கள். போக நேர்ந்தால் அன்றைய கூலியை எல்லோருக்கும் ஒரே தொகையாகக் கொடுத்து, ஆய்வேட்டில் குறிப்பிடுங்கள். கதைக்கு ஏற்றபடி தொகை கூடினால் கதையும் கூடும். பேட்டியின் பிரதியைப் பேரன் போனில் ஏற்றலாமா என்பதையும் பாட்டியிடமே கேளுங்கள்.