பதில்: தம்பியோட சீசன் டிக்கெட்டை விட்டுடலாமா?
அல்சூர் நண்பரே, லண்டன்ல உங்க தம்பிக்கு அவரோட கால்பந்து கிளப், சீசன் டிக்கெட் (சீசன் முழுக்க சொந்த மைதான மேட்ச் பாக்கற டிக்கெட்) விலையையும் ஏத்தி, சீட்டையும் மேல்தளத்துக்கு மாத்திட்டாங்கன்னு எழுதியிருந்தீங்க. அவசரப்பட்டு விட்டுடாதீங்க. பெரிய கிளப்னா திரும்ப வாங்க வருஷக்கணக்கா காத்திருக்கணும்.

ரசிகர் சங்கத்துல சேரச் சொல்லுங்க. கூட்டமா கேட்டா பலன் இருக்கு. 2016 பிப்ரவரியில 77 பவுண்டு டிக்கெட்டை எதிர்த்து லிவர்பூல் ரசிகர்கள் ஆயிரக்கணக்குல சரியா 77வது நிமிஷம் எழுந்து வெளியேறினாங்க. அப்போ லிவர்பூல் 2-0ன்னு முன்னாடி இருந்துச்சு. அவங்க போனதும் எதிரணி சண்டர்லாண்ட் ரெண்டு கோல் அடிச்சு 2-2 ஆக்கிட்டது தனிக்கூத்து! சில நாள்லயே நிர்வாகம் மன்னிப்புக் கேட்டு விலையேற்றத்தை வாபஸ் வாங்கிச்சு.

மேல்தளம் அவ்வளவு மோசமில்லைங்க. நம்ம பெங்களூரு கண்டீரவா ஸ்டேடியத்துல மைதானத்தைச் சுத்தி ஓட்டப்பந்தயத் தடம் இருக்கறதால கீழ இருந்து ஆட்டம் சரியா தெரியாது, நானே மேல்வரிசைதான் பிடிப்பேன். ஆனா தம்பிக்கு முழங்கால் வலின்னீங்களே, டாக்டர் கடிதத்தோட கீழ்தள சீட் கேட்டு கிளப்புக்கு இப்பவே எழுதச் சொல்லுங்க.